முதல் டார்கெட் ரைஃபிளுக்கு ஸ்கோப்: 25 மடங்கு வாங்கி 14-இல் சுடுகிறேன்

ஸ்கோப் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?" (எத்தனை மடங்கு பெரிதாக்கும்) என்றுதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் வெயிலில் சில வருடங்களாக ஒரே ஸ்கோப்பை வைத்துச் சுட்ட பிறகு, அந்தக் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

என்னிடம் இருப்பது ருகர் பிரிசிஷன் ரைஃபிள், 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகைக்கானது. மேலே 5-25×50 ஸ்கோப் (5 முதல் 25 மடங்கு உருப்பெருக்கம், முன்லென்ஸ் 50 மி.மீ.), 30 மி.மீ. குழாய், ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் (உருப்பெருக்கத்தோடு குறுக்குக்கோடும் சேர்ந்து பெரிதாகும் வகை), மில் கணக்கு (ஒரு மில் என்பது 100 யார்டில் 3.6 அங்குலம்). விலை ஆயிரம் டாலரைத் தொட்டது. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், கைக்கு வந்த ஒரே ஒரு பீஸை வைத்து ஒரு கம்பெனியை எடை போட விருப்பமில்லை. இதே அளவில், இதே விலையில் நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன. எதை வாங்கினாலும் கீழே சொல்வது பொருந்தும்.

ஊரில் இருப்பவர்கள் இதை ஒலிம்பிக் சுடுதலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்கோப்பே கிடையாது, விதிப்படி வைக்கவும் கூடாது. சின்னத் துளை வழியாகப் பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். நான் சொல்வது பல நூறு யார்டு தள்ளித் தொங்கும் இரும்புத் தகட்டை அடிக்கிற ஆட்டம்.

சரி, உருப்பெருக்கம். காலை ஏழு மணிக்கு 25-இல் வைத்தால் 600 யார்டுத் தகட்டின் பெயின்ட் உரிந்திருப்பதுகூடத் தெரியும். பத்து மணிக்கு அதே தகடு தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிய ஆரம்பிக்கும். தரைச்சூட்டில் எழும் கானலையும் சேர்த்துத்தானே ஸ்கோப் பெரிதாக்குகிறது? கண்ணாடி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இதற்கு மருந்து இல்லை. உடன் வந்த நண்பர் ஒருமுறை, "மச்சான், காசு கொடுத்து மங்கலை வாங்கியிருக்கே" என்றார். 14-க்கு இறக்கியதும் தகடு ஓரளவு அடங்கியது. அப்புறம் அந்தக் கானலே காற்றுக்குச் சாட்சி. அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ காற்றும் அந்தப் பக்கம்தான். நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை.

உருப்பெருக்கத்தைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 50 மி.மீ. முன்லென்ஸை 25-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2 மி.மீ.தான். தலை கொஞ்சம் நகர்ந்தாலே ஓரத்தில் கறுப்பு பிறை விழும். 10-இல் அதே வட்டம் 5 மி.மீ. படுத்துச் சுடும்போது பெரிதாகத் தெரியாது, தடுப்பின் மேல் சாய்ந்து கழுத்தை வளைத்துச் சுடும்போது வித்தியாசம் புரியும். பார்வைப் பரப்பும் அகலம் என்பதால், பின்னுதைப்பு அடங்கும்போது தகடு இன்னும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். குண்டு விழுந்த புழுதியை நாமே பார்த்து, எவ்வளவு தள்ளி விழுந்தது என்று ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) கோடுகளில் அளந்து, அடுத்ததைத் திருத்தலாம். ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேனுக்கு அதிகக் காசு கொடுப்பது இதற்காகத்தான். எந்த உருப்பெருக்கத்தில் இருந்தாலும் கோடுகள் காட்டும் மில் கணக்கு மாறாது. எஃப்-கிளாஸ் மாதிரி, தூரம் மாறாமல் நிதானமாகப் படுத்துச் சுடும் போட்டிக்கு இது அவ்வளவு அவசியமில்லை. அங்கே அதிக உருப்பெருக்கமும், குறியை நகர்த்தும் நுணுக்கமான கிளிக்கும்தான் உதவும்.

காசு போக வேண்டிய இடம் டரட், அதாவது குறியை ஏற்றி இறக்கும் குமிழ். 140 கிரெய்ன் மேட்ச் குண்டுக்கு 100 யார்டில் ஜீரோ வைத்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்தால்), 1,000 யார்டுக்கு ஏறக்குறைய 8.7 மில் ஏற்ற வேண்டும். ஒரு கிளிக் 0.1 மில் என்பதால் 87 கிளிக். ஒவ்வொன்றும் சொன்ன அளவு நகர வேண்டும், திருப்பினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நாமே சோதித்துவிடலாம். உயரமான அட்டையில் தூக்குக்குண்டு கட்டி செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். தூரத்தை டேப் வைத்து அளந்து, சரியாக 100 யார்டில் நிறுத்துங்கள். கோட்டின் அடிப்புள்ளியைக் குறி வைத்து ஐந்து குண்டு. டரட்டை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறி வைத்து மறுபடி ஐந்து. இரண்டு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே 36 அங்குலம் வர வேண்டும். என்னுடையதில் அட்டையின் தடிமனைத் தாண்டிய பிழை எதுவும் தெரியவில்லை. மேலே சொன்ன நண்பரின் ஸ்கோப்பில் முப்பத்து நாலரைதான் வந்தது. நாலு சதவீதப் பிழை என்றால் அற்பமாகத் தெரியும். 1,000 யார்டில் அது ஓரடிக்கு மேல் கீழே விழும். மனிதர் அதுவரை தன் மூச்சையும் காற்றையும்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

மில்லா, எம்ஓஏவா (இன்னொரு கோண அளவு)? கூட வருகிறவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதை வாங்குங்கள். டரட்டும் ரெட்டிக்கிளும் ஒரே கணக்கில் இருந்தால் போதும்.

மாட்டும் வேலையைக் கடைக்காரரிடம் விடாமல் வீட்டிலேயே செய்தேன். இதற்கும் தூக்குக்குண்டுதான். எதிர்ச்சுவரில் நூலைத் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டமாகப் பிடித்து, ரெட்டிக்கிளின் நிலைக்கோடு நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றி, திருகுகளை டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கினேன். ரைஃபிள் 3 டிகிரி சாய்ந்தாலே 1,000 யார்டில் குண்டு பக்கவாட்டில் ஒன்றரை அடி ஓடும். ஸ்கோப் மேல் ஒரு சின்ன ரசமட்டம் பொருத்தியிருக்கிறேன். பாலைவனத்தில் தரை எல்லாப் பக்கமும் சரிந்திருப்பதால் கண்ணை நம்ப முடியாது. ருகரில் 20 எம்ஓஏ சாய்வுள்ள ரயில் (ஸ்கோப்பைப் பொருத்தும் பட்டை) கம்பெனியிலிருந்தே வருகிறது. வேறு ரைஃபிள் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். மேல்நோக்கி ஏற்ற ஆறு மில்லுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் இடம் கிடைக்கும்.

டார்கெட்டின் தூரத்துக்கு ஏற்ப ஸ்கோப்பைச் சரிசெய்யும் பாரலாக்ஸ் குமிழைத்தான் புதியவர்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். படம் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். மணல் பைகளின் மேல் ரைஃபிளை அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, கன்னத்தை ஒட்டாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறுக்குக்கோடு டார்கெட் மேல் நீந்தினால் குமிழ் சரியான இடத்தில் இல்லை. நீச்சல் நிற்கும்வரை திருப்ப வேண்டும். குமிழில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காதீர்கள். என்னுடையதில் நிஜமான 300 யார்டு, 200-ஐத் தாண்டியதுமே வந்துவிடுகிறது. அதற்கும் முன்னால் கண்முனை வளையத்தைச் சரிசெய்துவிட வேண்டும். வெறும் வானத்தை நோக்கி ஓரிரு நொடி மட்டும் பார்த்து, கோடு கூர்மையாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். அதிக நேரம் பார்த்தால் கண் தானாகவே சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும்.

குறைகள்: எடை ஒரு கிலோவை நெருங்குகிறது. 20-க்கு மேல் போனால் வெள்ளைத் தகட்டின் ஓரத்தில் ஊதா நிறம் படிகிறது. சிவப்பு விளக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன், பகலில் சுடுகிற எனக்கு அது தண்டம்.

எச்1பியில் இருப்பவர்களுக்கு: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க இங்கே மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இன்னொன்று, ஊருக்கு வரும்போது ஏர் ரைஃபிளுக்கு ஒரு ஸ்கோப் வாங்கி வரச் சொல்லும் மாமாக்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரைஃபிள் ஸ்கோப் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வரும் சரக்கு, பெட்டியில் சட்டைக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவர முடியாது.

இப்போது ஸ்கோப் பாதி நேரம் .22 ரைஃபிளின் மேல்தான் இருக்கிறது. கிரீட்மூர் மேட்ச் குண்டு ஒன்று ஒரு டாலருக்கு மேல் ஆகிறது, .22 அதில் சிறு பங்கு. ஃபீனிக்ஸின் பென் ஏவரி பொதுச் சுடுதளத்தில் 200 யார்டு வரைதான் சுடலாம். 50 யார்டில் ஜீரோ வைத்த .22-க்கு அந்த 200-ஐ எட்டவே 7 மில்லை ஒட்டி ஏற்ற வேண்டும், காற்றும் அதை நன்றாகவே தள்ளும். இதையும் யோசித்து வாங்குவதானால் பாரலாக்ஸ் எவ்வளவு கிட்டம் வரை இறங்குகிறது என்று பாருங்கள். என்னுடையது 25 யார்டோடு நின்றுவிடுகிறது. 10 யார்டு வரை இறங்கும் ஸ்கோப்புகள் இதைவிடக் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன.