ரிச்சி தெருவில் ரேம் கேட்டேன், தர மாட்டேன் என்றார்

நான் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். அண்ணா நகர் கிழக்கில் வீட்டிலிருந்தே மூன்று ஸ்டூடியோக்களுக்கு வேலை செய்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு படங்கள் மூட்டை மூட்டையாக வந்து விழும். அந்த நேரம் பார்த்து லேப்டாப் படுத்துக்கொண்டது. போட்டோஷாப்பில் ஒரு லேயரை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை, நகர்த்திவிட்டு, அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அது நகர்ந்திருக்கும். ஓடும் வேலையெல்லாம் தற்காலிகமாகத் தங்கும் நினைவகமான ரேம் 8 ஜிபி. எதையும் திறக்காதபோதே 80 சதவீதத்தைத் தாண்டி நின்றது.

மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினேன். வண்டியில் போகிறவர்கள் நிறுத்த இடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போங்கள். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் முதலில் நுழைந்த பெரிய கடையில் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. "8 எல்லாம் பத்தாது மேடம், இன்னொரு 16 போட்டுடுங்க" என்று விலை சொன்னார்கள். ரேம் இப்போது விற்கிற விலைக்குத் தலை சுற்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

நான் எழுத வந்தது அதற்கடுத்து ஏறிய மாடிக் கடையைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; கூட்டம் வந்தால் சமாளிக்க ஆளில்லையாம். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், உதவிக்கு ஒரு பையன், அவ்வளவுதான் கடை.

"அண்ணே, 8 ஜிபி ரேம் ஒண்ணு போடணும்" என்றேன்.

"எதுக்கும்மா?" என்றார்.

ரிச்சி தெருவில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். நானும் அதைத் திறப்பேன்தான். எந்த மென்பொருள் அதிகம் தின்கிறது என்று பார்த்து மூடிவிடுவேன். அவர் அந்தப் பட்டியலை மனக்கணக்காகக் கூட்டினார். மூன்றரை ஜிபிகூட வரவில்லை. மொத்தப் பயன்பாடோ 6.4 ஜிபி என்று காட்டுகிறது. "மிச்சம் எங்க போச்சு சொல்லுங்க?" மெமரி பக்கத்துக்குப் போய், கீழே மூலையில் 'நான்-பேஜ்டு பூல்' என்று இருந்த எண்ணில் விரலை வைத்தார். 2.3 ஜிபி. இது விண்டோஸின் கருவும் (அதன் மையப் பகுதி), வைஃபை, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் குட்டி மென்பொருள்களான டிரைவர்களும் எடுத்துக்கொள்ளும் இடம். டிஸ்க்குக்கு நகர்த்தவே முடியாதது. வழக்கமாகச் சில நூறு எம்பிதான் இருக்குமாம். ஏதோ ஒரு டிரைவர் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு, எதையும் திருப்பித் தராமல் இருக்கிறது. கைமாற்றாக வாங்கிவிட்டு நம்மைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிற ஆளைப் போல.

அடுத்து சிபியு பக்கத்தில் 'அப் டைம்' காட்டினார். முதல் எண் 41. நாற்பத்தொரு நாளாக மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறதாம். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தானே படுக்கிறேன் என்று சண்டைக்கே போய்விட்டேன். விஷயம் இதுதான்: மெஷினைச் சீக்கிரம் எழுப்ப விண்டோஸில் இருக்கும் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், கருவையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துப் போடுகிறது விண்டோஸ். சேர்ந்த குப்பையும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். இத்தனை வருடமாக நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீஸ்டார்ட் செய்ததும் அந்த 2.3 இறங்கி 0.3 ஆனது. அதோடு அனுப்பியிருந்தால்கூட நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். அவர் வைஃபையில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். எண் மெதுவாக ஏறியது. கருப்புத் திரையில், யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று நான்கு நான்கு எழுத்துக் குறிகளாக ஓடிய ஒரு பட்டியலைப் பார்த்து, ஆள் யாரென்று பிடித்தார்: லேப்டாப்போடு வந்த நெட்வொர்க் டிரைவர். 'இணையத்தை வேகமாக்கும்' துணை மென்பொருளும் அதோடு ஒட்டியிருந்தது. துணையை நீக்கி, டிரைவரைப் புதிதாகப் போட்டு, பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தார். காலையில் மெஷின் எழுந்திருக்கச் சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

நான் போட்டு வைத்திருந்த 'ரேம் பூஸ்டர்' ஒன்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கூடத்துல கிடக்கற சாமானெல்லாம் பரண்ல ஏத்திட்டு, வீடு சுத்தமாச்சுங்குது. அடுத்த நிமிஷம் கரண்டி வேணும்னா ஏணி போட்டு ஏறணும்." மென்பொருள்கள் பயன்படுத்துவதைப் பிடுங்கி டிஸ்க்கில் இருக்கும் பேஜ் பைலுக்குத் தள்ளிவிட்டு, எண் குறைந்துவிட்டது என்று காட்டுவதுதான் அதன் வேலையாம். மறுபடி தேவைப்படலாம் என்று விண்டோஸ் எடுத்து வைத்திருப்பதால் 'கேச்டு' என்று நிறைந்திருக்கும் இடத்தையும் வீணென்று நினைத்திருந்தேன். வேறு யாராவது கேட்டால் விண்டோஸே அதை விட்டுக்கொடுத்துவிடும்.

குரோமில் முப்பத்துநாலு டேப் இருந்ததற்குத் திட்டு விழுந்தது. சும்மா கிடக்கும் டேப்களை உறங்கவைக்கும் மெமரி சேவரை இயக்கிவிட்டார். கூடவே எழுந்து நிற்கும் ஸ்டார்ட்அப் ஆட்களில் ஐந்தாறு பேரை நிறுத்தினார்.

போட்டோஷாப்பில் மட்டும் எனக்கும் ஒரு குட்டு. மெமரி அளவை 95 சதவீதத்துக்கு ஏற்றி வைத்திருந்தேன். அதற்கு அள்ளிக் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத் திணறும் என்று 70க்கே இறக்கினார். எத்தனை படி பின்னால் போகலாம் என்று நினைவில் வைக்கும் ஹிஸ்டரி ஸ்டேட்ஸை நானே 20 ஆக்கிக்கொண்டேன்.

நானூறு ரூபாய் வாங்கினார். ரேம் விற்கவில்லை. "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. திணறுச்சுன்னா வாங்க."

திணறத்தான் செய்தது, ஆனால் பெரிய ஆல்பங்களில் மட்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். 12-க்கு 36 அங்குல விரிப்பு, 300 டிபிஐ என்றால் 3600-க்கு 10800 பிக்சல். கிட்டத்தட்ட 3.9 கோடி. ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் வைத்தாலும், ஒட்டிய ஒற்றை லேயருக்கே 111 எம்பி. 16 பிட்டில் வேலை செய்தால் இரட்டிப்பு. முப்பது லேயர் அடுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். போட்டோஷாப்பின் அடிப்பட்டையில் 'எபிஷியன்சி' என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 100-க்குக் கீழே இறங்கினால் ரேம் போதாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 60 காட்டியது. டாஸ்க் மேனேஜரில் 'கமிட்டட்', அதாவது எல்லாரும் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் மொத்தம், 13 ஜிபி. இருப்பதோ 8.

இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இந்த முறை தயங்காமல் 8 ஜிபி எடுத்துக் கொடுத்தார். பழைய ரேமைப் பார்த்து அதே டிடிஆர்4 வகை, அதே 3200 வேகம். எனக்கு ஒரு ஸ்லாட், அதாவது ரேம் செருகும் இடம், காலியாக இருந்ததால் பழையது வீணாகவில்லை. வாங்கப் போகிறவர்கள் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். பலகையிலேயே ரேமைப் பற்றவைத்த மாடல்களும் உண்டு.

குறைகளும் உண்டு. பில்லை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நமக்கு முன்னால் இருவர் இருந்தால் மாடிப்படியில்தான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தெருவே பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அப்புறம், அடிமூடியைத் திறந்த அந்தப் பையன் ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டான். லேப்டாப்பின் வலது மூலை இன்னும் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. போன் செய்தால், "எடுத்து வெச்சிருக்கேன், வாங்கம்மா" என்கிறார். ஐப்பசி முகூர்த்தப் படங்கள் முடியட்டும், போக வேண்டும்.