அஸ்டாரியனின் இரண்டு முடிவுகள்: எந்தக் காதலில் கதவு திறந்திருக்கிறது?

பெங்களூரு அல்சூரில் நானும் என் பெரியம்மா மகளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்காவுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, எனக்கு எம்.ஜி. ரோடு பக்கம். கேம் ஆட வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான். அதனால் 'பால்டர்ஸ் கேட் 3'-ஐ முறை வைத்து ஆடினோம். திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. மற்ற நாள் எனக்கு. கதையில் நம்மோடு வரும் துணைவர்களில் ஒருவரைக் காதலிக்கலாம். இருவரும் காதலித்தது அஸ்டாரியனை. கடைசியில் அவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் மட்டும் வேறு. அவள் அவனுடைய சடங்கை முடித்துக்கொடுத்து அவனைச் சர்வ வல்லமை உள்ள ரத்தக்காட்டேரி ஆக்கினாள். நான் அந்தச் சடங்கைத் தடுத்துவிட்டேன். இரண்டில் எது நல்ல காதல் என்று மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனாலும் இதே பேச்சுதான். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஆடி முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கதை முழுக்க வெளியே வரப்போகிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆட்டம் இது. அஸ்டாரியன் ஓர் எல்ஃப், கற்பனைக் கதைகளில் வரும் கூர்க்காது இனத்தவன். உயிரோடு இருந்தபோது நீதித்துறையில் பதவி வகித்தவன். சாகக் கிடந்தவனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி காசடோர் என்னும் ரத்தக்காட்டேரி அவனைத் தன் 'ஸ்பான்' ஆக்கிக்கொண்டான். ஸ்பான் என்றால் எஜமானன் சொல்லைத் தட்ட முடியாத அடிமைக் காட்டேரி. இருநூறு வருஷம் அவனுக்கு ஒரே வேலை: ஊருக்குள் போய், சிரித்துப் பேசி, படுக்கை வரை போய், ஆட்களை மயக்கி காசடோரின் அரண்மனைக்குக் கூட்டிவருவது. கூலி, எலி ரத்தம். ஒரு பையன்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டதற்கு ஒரு வருஷம் கல்லறைக்குள் அடைத்துப் பட்டினி போட்டார்கள். கதை ஆரம்பிக்கும்போது மூளைக்குள் புகுந்த ஒரு புழு அவனை எஜமானன் பிடியிலிருந்து விடுவித்திருக்கிறது. அந்தப் புழு இருக்கும் வரை வெயிலில் நிற்கலாம், அழைப்பில்லாமல் பிறர் வீட்டுக்குள்ளும் போகலாம். அவனுக்குக் குரல் கொடுத்து நடித்த நீல் நியூபன் அந்த வருஷ கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருது வாங்கினார். அந்தக் குரல் இல்லாமல் இத்தனை பேர் இவனுக்காக ராத்தூக்கம் கெட்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

ஆரோக்கியமான காதலா இல்லையா என்று அளக்க ஒரு படி வேண்டும். இதற்காக நான் வெளியே எங்கும் போகவில்லை. காசடோர் தன் அடிமைகளுக்கு விதித்த நான்கு கட்டளைகளை அஸ்டாரியனே நமக்குச் சொல்கிறான். சிந்திக்கும் உயிர்களின் ரத்தத்தைக் குடிக்கக்கூடாது. எல்லாவற்றிலும் எனக்குக் கீழ்ப்படி. நான் அனுப்பினால் ஒழிய என்னை விட்டுப் போகாதே. நீ என் உடைமை என்பதை மறக்காதே. இதில் பின்னால் வரும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். கீழ்ப்படி, போகாதே, நீ என் உடைமை. இந்த மூன்றும் காதலுக்குள் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று அக்காவிடம் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

முதலில் அவளுடைய முடிவு. காசடோர் அவன் முதுகில் ஒரு ராத்திரி முழுக்கக் கத்தியால் செதுக்கினான். அது கவிதை என்று நம்பியிருந்தான் அஸ்டாரியன். உண்மையில் அது மெஃபிஸ்டோஃபிலீஸ் என்ற நரக அதிபதியுடன் போட்ட ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. ஏழு ஸ்பான்களையும், நிலவறையில் அடைத்துவைத்த ஏழாயிரம் பேரையும் பலி கொடுத்தால், சடங்கை நடத்துகிறவனுக்கு வெயில் சுடாது, பசி வாட்டாது, எவனுக்கும் அஞ்ச வேண்டாம். காசடோரை வீழ்த்திய பிறகு அந்த இடத்தை அஸ்டாரியன் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். நாம் உதவ வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் வாதத்தில் பலம் இருந்தது. "இருநூறு வருஷம் அடி வாங்கினவன்டீ அவன். இனிமே யாரும் என்னைத் தொட முடியாதுன்னு ஒரு நிலைமை கையில வருது. வேணாம்னு சொல்ல நீ யாரு?" எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். வெயிலை ஒருவனிடமிருந்து பிடுங்குவது சின்ன விஷயமா?

ஆனால் சடங்குக்கு அப்புறம் வரும் காதல் காட்சியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். நம்மையும் ரத்தக்காட்டேரி ஆக்குகிறேன் என்கிறான். வேண்டாம் என்றால் உறவு அங்கேயே முடிந்தது. சரி என்றால் நாம் அவனுக்கு ஸ்பான். என்னை உலுக்கியது இந்த இடம்தான். ஸ்பான் தன் எஜமானனின் ரத்தத்தைக் குடித்தால்தான் விடுதலை. ஆனால் எந்த எஜமானனும் அதைத் தருவதில்லை, போட்டிக்கு ஆள் உண்டாக்க யாருக்கு மனசு வரும் என்று கதையின் ஆரம்பத்தில் அஸ்டாரியனே சொல்லியிருந்தான். அந்தக் கசப்போடு சொன்னவன்தான் இப்போது நம் கழுத்தில் பல்லை வைக்கிறான். தனக்கு யார் எதைத் தராமல் ஏமாற்றினார்களோ, அதைத் தான் நேசிக்கிற ஆளுக்கும் தராமல் இருக்கிறான். அவன் கொஞ்சுகிறான், பட்டுத் துணி, அரண்மனை, என்றென்றும் என்று பேசுகிறான். கொஞ்சலுக்கு நடுவே என்னுடையது, எனக்குச் சொந்தம் என்ற சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்று அக்கா விரல் விட ஆரம்பித்தாள், அப்புறம் நிறுத்திவிட்டாள். தாளில் எழுதிய மூன்றும் ஒன்றுவிடாமல் அந்தக் கட்டிலில் இருந்தன.

சடங்குக்கு அப்புறம் சண்டையில் அவனுடைய ஒவ்வொரு அடியிலும் ஒரு பத்துமுகப் பகடையில் விழும் எண் அளவுக்குக் கூடுதல் சேதம் சேர்கிறது. லாபம் என்று பார்த்தால் நல்ல லாபம். ஆட்டமே அந்த ஆசையை நம் கையில் வைத்துப் பார்க்கிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை, நல்ல எழுத்து அது. கொடுமைக்கு ஆளானவன் கையில் அதே அதிகாரம் வந்தால் எப்படிப் பேசுவான் என்பதைக் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். இந்த முடிவை விரும்புகிறவர்களை நான் குறைத்து எண்ணவில்லை. ஆரோக்கியம் என்ற சொல்லை மட்டும் இதற்குத் தரமாட்டேன்.

என் முடிவு எப்படி? இதைப் பேச மூன்றாம் பாகத்திலிருந்து ஆரம்பிக்கக்கூடாது, இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டும். மூன்ரைஸ் கோபுரத்தில் அராஜ் என்று ஒரு ட்ரோ (பாதாள எல்ஃப் இன) பெண் வருவாள். அஸ்டாரியன் தன்னைக் கடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவனுக்குப் பிடிக்கவில்லை. கடிக்கவைத்தால் நமக்கு ஒரு மருந்து கிடைக்கும், உடல்வலிமை நிரந்தரமாக இரண்டு கூடும். எத்தனையோ பேர் அந்த இரண்டுக்காக அவனை நெட்டித் தள்ளியிருப்பார்கள். 'வேண்டாம் என்றால் வேண்டாம், உன் உடம்பு' என்று விட்டுவிட்டால், பிற்பாடு அவன் வந்து உண்மையைச் சொல்கிறான். உன்னை மயக்கியது திட்டம் போட்டுத்தான், உன் பாதுகாப்பு எனக்குத் தேவைப்பட்டது, ஆனால் இப்போது நிஜமாகவே ஏதோ தோன்றுகிறது, இந்தப் படுக்கை விஷயம் எனக்கு இன்னும் அந்தப் பழைய வேலையாகத்தான் படுகிறது என்கிறான். அங்கே நம் பதில்களில் ஒன்று, அவனைக் கட்டிக்கொள்வது. எப்படிக் கட்டிக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் ஒரு கணம் விறைத்து நிற்கிறான். அதற்கப்புறம் நீண்ட நாள் இருவருக்கும் நடுவே உடலுறவு கிடையாது. ஆட்டமும் அதற்காக நம்மைத் தண்டிப்பதில்லை. ஒரு கேமில் இப்படிக் காதலை எழுதி நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் சொந்த ஊர்ப் பக்கம், வேலூர் மாவட்டத்தில், காட்டேரிக்குப் படையல் வைக்கும் குடும்பங்கள் உண்டு. பாட்டி அதற்குப் பயந்து படைத்தாளா, உரிமையோடு படைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். கேட்டு வாங்குகிற தெய்வம், கேட்காமல் உள்ளே வராது என்பாள். முதல் பாகத்தில் நாம் தூங்கும்போது அஸ்டாரியன் நம்மைக் கடிக்க வந்து மாட்டிக்கொள்வான். அன்றைக்கு நாம் சம்மதித்தால்தான் குடிப்பான். போதும் என்று அவனைத் தள்ளிவிடவும் வழி உண்டு. அந்தக் காட்சியில் பாட்டியின் நினைவு வந்தது எனக்கு.

காசடோரைக் கொன்றுவிட்டுச் சடங்கை விட்டுவிட்டால், அஸ்டாரியன் செத்த உடம்பைக் குத்திக் குத்தி, பிறகு உட்கார்ந்து அழுகிறான். அப்புறம் தன் பெயர் பொறித்த கல்லறைக்கு நம்மை அழைத்துப் போகிறான். தோண்டிக்கொண்டு வெளியே வந்த ராத்திரியிலிருந்து அவன் திரும்பிப் போகாத இடம் அது. அங்கே அவன் நெருங்கி வந்தால் அது அவனாக வருவது. இத்தனை நாள் கழித்து.

ஆனாலும் இதில் குறை இல்லை என்று நடிக்கமாட்டேன். அவன் சடங்கை விடுவது தானாக நடப்பதில்லை. நாம் பேசிப் பார்க்க வேண்டும், பகடை உருட்ட வேண்டும். ஒரு மனிதனின் வாழ்க்கைத் தீர்மானம் நம் பகடையில் தொங்குகிறது என்பதே உறுத்தல்தான். அக்கா பிடித்த பிடியும் அதுதான்: "அவன் வேணும்னு சொன்னதை நீ மறுத்துட்ட. அப்ப நீயும் தீர்மானிக்கிறவதான்?" ஆமாம், ஓரளவுக்கு. மூளைப் புழு செத்ததும் துறைமுகத்தில் வெயில் அவனைச் சுட, பாதி வெற்றிக் களிப்பில் அவன் நிழல் தேடி ஓடுகிறான். என் கையால் நடந்தது அது. அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். இன்னொரு கவலையும் உண்டு: உடைந்தவனை நான் சரிசெய்தேன் என்ற பெருமை நம் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊட்டப்படுவது. இந்த முடிவை அந்தப் பெருமைக்காகக் கொண்டாடினால் அதுவும் நோய்தான்.

இருந்தும் தாளை எடுத்துப் பார்த்தால், கீழ்ப்படி என்று எவரும் எவரிடமும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. 2023 நவம்பரில் வந்த ஐந்தாவது பேட்ச்சில் (ஆட்டத்துக்கான புதுப்பிப்பில்) ஆறு மாதம் கழித்து நடக்கும் சந்திப்பைச் சேர்த்தார்கள். அதில் அவன் நம்மோடு ஊர் ஊராகச் சுற்றுகிறான், வெயிலில் நடக்க வேறு வழி உண்டா என்று தேடுகிறான். கிடைக்கவில்லை. கிடைக்காத நிலையிலும் இருவரும் ஒரே திசையில் நடக்கிறார்கள்.

மூன்றாவது ஒரு வழி இருப்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: அவன் உண்மையைச் சொல்லும் இடத்தில் நாம் நண்பர்களாக இருப்போம் என்று சொல்லிவிடுவது. காதலை விடச் சிறியது என்று அதை எண்ண வேண்டாம். உன்னிடமிருந்து எனக்கு உடம்பும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம், நீ கூட இருந்தால் போதும் என்று அவன் வாழ்க்கையில் முதலில் சொல்லும் ஆள் நாமாகிறோம்.

இப்போது அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுக்கு ஒரு வரன் நிச்சயம் வரை வந்தது. மாப்பிள்ளை அவள் போனில் லொகேஷனை எப்போதும் போட்டுவைக்கச் சொன்னார். பாஸ்வேர்டு கேட்டார். மெட்ரோவில் ஏறினால் ஒரு மெசேஜ், இறங்கினால் ஒரு மெசேஜ். எல்லாம் பாசம் என்ற பெயரில். அவளே நிச்சயத்தை நிறுத்தினாள். பெரியம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவள் ஏன் அந்த முடிவைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒருநாள் காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அங்க அவன் 'நீ என்னோடவ'ன்னு சொல்றப்ப எனக்குக் கை நடுங்கல. எஸ்கேப் பட்டன் என் விரலுக்குக் கீழ இருக்கு. ஒருதடவையாவது அந்த வார்த்தையை நான் பயப்படாம கேக்கணும்னு இருந்துச்சு." அதைக் கேட்டதும் என் வாதத்தில் பாதி காற்றில் போயிற்று. கதைக்குள் இருக்கும் உறவு நலமானதா என்பது ஒரு கேள்வி. அதை ஆடுகிறவளுக்கு அது என்ன செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. மூன்று வாரம் நான் முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதில் அவளை மடக்கப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கதைக்குள் எது நல்ல காதல் என்பதில் என் கருத்து மாறவில்லை, அக்காவும் இப்போது அதை மறுப்பதில்லை. ஒரு முடிவில் எழுந்து போனால் அவன் நொறுங்கலாம், ஆனால் வழியை மறிக்கமாட்டான். மற்றதில் வாசலே கிடையாது.

போன வெள்ளிக்கிழமை அக்கா புதிதாக ஒரு கதாபாத்திரம் உருவாக்கினாள், அவளைப்போலவே சுருட்டை முடி வைத்து. நேற்று மூன்ரைஸ் வரை வந்துவிட்டாள். அராஜ் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்க்காமல் முடியாது என்ற பதிலை அழுத்தினாள். இனி நிலவறையில் இருக்கும் ஏழாயிரம் பேரை என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறாள். அவர்களை விடுவித்தால் பாதாள உலகுக்குப் போவார்கள், பசியோடு போவார்கள். அதைப் பற்றி இன்று ராத்திரி ஏரிக்கரையில் பேசலாம் என்றாள்.