வாடகை அறையில் மிக்ஸிங்: மானிட்டர் ஸ்பீக்கரா, ஹெட்போனா?

தனியாக மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலப்பது), மாஸ்டரிங் (வெளியிடும் முன் கடைசி மெருகு) வேலை எடுத்துச் செய்ய ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: கையில் இருக்கிற காசுக்கு மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கட்டுமா, நல்ல ஹெட்போன் வாங்கட்டுமா? ஸ்டுடியோ என்றதும் மேசைமேல் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள்தான் கண்முன் வருகின்றன. அதனால் பலருக்கும் மனசு ஸ்பீக்கர் பக்கமே சாயும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை மாதிரி ஊரில், பத்துக்குப் பன்னிரண்டு வாடகை அறையில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவர் முதலில் ஹெட்போன் வாங்கட்டும். ஸ்பீக்கரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குவது ஸ்பீக்கரை மட்டும்தான், காதில் விழப்போவதோ ஸ்பீக்கரும் அறையும் கலந்த சத்தம்.

அறை என்ன செய்கிறது

எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே பத்தடி இருந்தால், சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி அந்தச் சுவர்களுக்குள் நின்று ஆட ஆரம்பிக்கும். பன்னிரண்டு அடிக்கு அது 47, 48 ஹெர்ட்ஸ். கூரையும் பத்தடி உயரம் என்றால் 57 இரண்டு முறை வந்துவிட்டது, சிக்கல் இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் சைன் டோன் (அந்த ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள சத்தம்) ஒன்றைப் போட்டுவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். மூலைக்குப் போனால் 'கும்'மென்று அடைக்கும். அறையின் நடுவுக்கு வந்தால் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரி ஆகிவிடும். இடது, வலது சமமாக இருக்க வேண்டும் என்று நாற்காலியை எங்கே போடுகிறோம்? அந்த நடுக்கோட்டில்தான்.

இப்போது ஏ மைனரில் ஒரு பாட்டு வருகிறது என்று வையுங்கள். பேஸ் கிட்டாரின் கீழ் 'ஏ' சுரம் 55 ஹெர்ட்ஸ். பாட்டு திரும்பத் திரும்ப வந்து நிற்கும் சுரமே நம் நாற்காலியில் மெலிந்து கேட்கிறது. கை தானாக ஈக்யூவுக்கு (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) போய் அங்கே நாலைந்து டெசிபல் ஏற்றும். அறையில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கும். பாட்டுக்காரர் காரில் போட்டுக் கேட்டுவிட்டு, "அண்ணா, ஒரே ஒரு நோட் மட்டும் கதவையே ஆட்டுது" என்பார்.

இது ஒரு பக்கம். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரும் சும்மா இருக்காது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு மோதி ஒரு இடத்தில் பள்ளம் பறிக்கும். சுவருக்கும் ஸ்பீக்கரின் முகத்துக்கும் இரண்டரை அடி என்றால் அந்தப் பள்ளம் 113 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். ஆண் குரலின் அடி ஸ்தாயி இருக்கும் இடம் அது.

ஐந்து அங்குல ஸ்பீக்கரில் இன்னொரு சிக்கல். யமஹா எச்எஸ்5 நம் ஊர் ஹோம் ஸ்டுடியோக்களில் பரவலாகப் பார்க்கிற பெட்டி. அதற்கு யமஹா கொடுத்திருக்கும் கணக்குப்படியே 74 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைவு, 54-ல் 10 டெசிபல் குறைவு. பேஸ் கிட்டாரின் கீழ் 'ஈ' 41 ஹெர்ட்ஸ்; அதன் அடிநாதத்தை இந்தப் பெட்டியில் தேட வேண்டாம். சரி, எட்டு அங்குலம் வாங்கலாம் என்றால், அது கொட்டும் பேஸை அந்தச் சின்ன அறை தாங்காது, குமுறல் கூடும்.

உடனே சிலர் கறுப்பு ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுவார்கள். இரண்டு அங்குல ஃபோம் மேல் அலைவரிசைகளை உறிஞ்சும், பேஸைத் தொடக்கூடத் தொடாது. அறை மந்தமாகும், குமுறல் அப்படியே இருக்கும். முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேலை செய்வது ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு: கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி உள்ள பலகை, குறைந்தது நாலு அங்குலத் தடிமன், மூலைகளில் இன்னும் தடிமனாக. தொழிற்சாலைகளுக்கு வெப்பக் காப்புப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். மரச்சட்டம் அடித்துத் துணி சுற்றிக்கொள்ள ஒரு தச்சர் போதும்; வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். ஒன்றை இன்னொன்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: இதெல்லாம் அறைக்குள் கேட்கிற ஒலியைச் சீராக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதை இது தடுக்காது. இரவு பதினொரு மணிக்குக் கிக் டிரம்மைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் வீட்டு ஓனர் கதவைத் தட்டத்தான் செய்வார்.

ஹெட்போன் சொல்லும் பொய்கள்

ஹெட்போனில் அறை என்ற ஒன்றே இல்லை. பெரிய லாபம் இது. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி ஒன்றைத் திருவான்மியூரில் மாட்டினாலும் திருச்சியில் மாட்டினாலும் அதே சத்தம்தான். வீடு மாறினாலும் காது புதிதாகப் பழக வேண்டியதில்லை.

ஆனால் அதுவும் பொய் சொல்லும். ஸ்பீக்கரில் இடது பக்க ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். ஹெட்போனில் அந்தக் கலப்பு கிடையாது. இடது ஓரத்துக்குத் தள்ளிய கிட்டார், காதுக்குள்ளேயே யாரோ வாசிக்கிற மாதிரி ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் குரல் தலைக்குள் கேட்கும். மற்ற வாத்தியங்களுக்கு மேல் அது எவ்வளவு நிற்கிறது என்று கணிப்பதுதான் ஹெட்போன் மிக்ஸிங்கில் ஆகக் கடினம். என் அனுபவத்தில் ஹெட்போனில் போட்ட மிக்ஸில் குரல் கொஞ்சம் உள்ளே போய்விடும். ரிவர்ப்பின் (எதிரொலி போன்ற அதிர்வு) வால் நுனிவரை துல்லியமாகக் கேட்பதால், போட்டது போதும் என்று தோன்றிவிடும். வெளியே போட்டால் பாட்டு வறண்டு கிடக்கும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. இரண்டு காதுகளையும் லேசாகக் கலந்துவிடும் க்ராஸ்ஃபீட் ப்ளக்-இன், ஹெட்போனின் மேடுபள்ளத்தைச் சரிக்கட்டும் சோனார்வொர்க்ஸ் மாதிரியான மென்பொருள், பக்கத்திலேயே ஒரே சத்த அளவில் வைத்த இரண்டு மூன்று ரெஃபரன்ஸ் பாடல்கள் (ஒப்பிட்டுக் கேட்க, ஏற்கெனவே வெளிவந்த நல்ல பாட்டுகள்). கடைசியாகச் சொன்னது காசில்லாத மருந்து, பலன் அதில்தான் அதிகம். ஒப்பிடும்போது ரெஃபரன்ஸ் பாட்டின் சத்தத்தைக் குறைத்து உங்கள் மிக்ஸோடு சமமாக்காவிட்டால், ஏற்கெனவே மாஸ்டராகிச் சத்தம் கூடிய அந்தப் பாட்டுதான் ஜெயிக்கும். அந்த ஒப்பீட்டில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அறையின் குணம் ஹெட்போனைத் தொடாது என்றேன், அறையின் இரைச்சல் தொடும். மிக்ஸிங்குக்கு நல்லவை என்று சொல்லப்படும் எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ இரண்டுமே ஓபன்-பேக், அதாவது பின்பக்கம் திறந்த ரகம். வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ரிவர்ப் வாலைக் கேளுங்கள் என்று யாரிடம் சொல்வது? மின்விசிறி ஓடத்தான் வேண்டும் என்றால் சோனி எம்டிஆர்-7506 போன்ற மூடிய ரகமே மேல். எச்டி 600 என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: அதன் மின்மறுப்பு 300 ஓம். விலை குறைந்த சில இன்டர்ஃபேஸ்களில் (கணினியோடு மைக், ஹெட்போனை இணைக்கும் பெட்டி) சத்தம் போதாமல் போகும்.

உலகளவில் பெயர் பெற்ற மிக்ஸ் இன்ஜினியர் ஆன்ட்ரூ ஷெப்ஸ் இந்த 7506-லேயே மிக்ஸ் செய்வதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹெட்போன்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அதற்கு முன்னால் பல வருடம் பெரிய ஸ்டுடியோக்களில் ஸ்பீக்கர் கேட்டுப் பழகிய காது அது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். இதே மாதிரிக் கதை யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கருக்கும் உண்டு. 1978-ல் வீட்டு ஹைஃபைக்காக வந்த பெட்டி. பேஸ் குறைவு, நடு அலைவரிசை முகத்தில் அடிக்கும். உற்பத்தி 2001-ல் நின்ற பிறகும் பல ஸ்டுடியோக்களில் அதை வைத்திருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருப்பதும் வேலைக்கு உதவுவதும் வேறு வேறு.

வேலை என்று வரும்போது

ஹெட்போனுக்கு எதிராக ஆபத்தான ஒன்று இருக்கிறது: சத்தம் கூடுவதே தெரியாது. அமெரிக்கத் தொழில் நல நிறுவனமான நியாஷின் கணக்கில் 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்தான் கேட்கலாம். கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம்தான். சின்ன அறையில் ஸ்பீக்கர் வைத்தால் 73 முதல் 76 டெசிபல் போதும், அதை மீட்டர் வைத்து ஒருமுறை அளந்து குமிழில் குறி போட்டுக்கொள்ளலாம். ஹெட்போனில் அப்படி அளப்பது சுலபமில்லை. குமிழை ஒரு இடத்தில் வைத்துவிட்டு அன்று முழுக்கத் தொடாமல் இருப்பதுதான் வழி.

வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர்தான். ஒரு ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, "இப்ப கேளுங்க சார்" என்பது சரிப்படாது. ஆனால் தனிப்பாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோர் நேரில் வருவதே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். (ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் தன் பங்குக்கு ஒரு முறை சுருக்கிவிடலாம்.) அவர்கள் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "பேஸே இல்லையே" என்பார்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அடி பேஸ் எப்படியும் வராது. பேஸ் ட்ராக்குக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது) கொடுத்து மேல் சுரங்களை எழுப்பினால்தான் அங்கே அது இருப்பதே தெரியும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த எதுவும் வேண்டாம், உங்கள் போனே போதும்.

சினிமா மிக்ஸ் எடுப்பவருக்கு இந்த அலசல் பொருந்தாது. தியேட்டருக்கான வேலையைத் தியேட்டர் மாதிரி அளந்து அமைத்த அறையில்தான் முடிக்க வேண்டும்.

ஹெட்போனில் பாட்டை முடித்துவிட்டு, நல்ல அறை உள்ள ஸ்டுடியோவில் ஒன்றிரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சரிபார்ப்பது மூன்றாவது வழி. மாதத்துக்கு நாலைந்து பாட்டு செய்பவருக்கு இதுவே சிக்கனம் என்பேன். நாலு பாட்டைச் சேர்த்து எடுத்துப்போய் பேஸ், குரல் இந்த இரண்டை மட்டும் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

வேலை நிலைத்து ஸ்பீக்கர் வாங்கும் காலம் வந்தால், முதல் செலவு ஒரு அளவீட்டு மைக். அதோடு அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். இரண்டையும் வைத்து அறையை அளந்து பாருங்கள். அடுத்த செலவு ராக்வூல். ஸ்பீக்கர் அதற்கப்புறம்தான். பேனல்களைச் சுவரில் ஆணி அடித்து மாட்ட வேண்டாம், கால் வைத்து நிற்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஓனர் அட்வான்ஸில் பிடிக்கக் காரணம் கிடைக்காது, வீடு மாறும்போது அவையும் வண்டியில் ஏறிவிடும்.