மின்சாரம் சேமிக்க வைக்கும் ஐந்து மனவியல் வழிகள்: எது எந்த வீட்டில் வேலை செய்யும்?

வீடுகளின் மின் செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மின் நிறுவனமோ குடியிருப்போர் சங்கமோ முடிவெடுத்தால், முதலில் செய்வது நோட்டீஸ் அடிப்பதுதான். வெளியே போகும்போது விளக்கை அணையுங்கள், தேவையில்லாமல் மின்விசிறி ஓட விடாதீர்கள் என்று பத்துக் கட்டளைகள். இதில் பெரிய பலன் கிடைக்காது. மக்களுக்கு அக்கறை இல்லாததல்ல காரணம், எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு மனதில் தப்பாகப் பதிந்திருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் 505 பேரிடம் நடந்த ஆய்வில், சாதனங்களின் மின் செலவையும் அவற்றில் மிச்சப்படுத்தக்கூடிய அளவையும் மக்கள் உண்மையைவிடச் சராசரியாக 2.8 மடங்கு குறைத்தே மதிப்பிட்டார்கள். சேமிக்க என்ன செய்யலாம் என்று கேட்டதும் மற்ற எந்த விடையையும்விட அதிகமாக வந்தது விளக்கை அணைப்பது.

கணக்கைப் பாருங்கள். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் 15 நிமிடம் ஓடினால் அரை யூனிட். அதே அரை யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு 55 மணி நேரம் எரியும். பல்பை அணைத்துவிட்டு மனநிறைவோடு ஹீட்டரை மறந்துவிடும் வீட்டில் பில் எப்படிக் குறையும்?

ஆகவே நோட்டீஸை ஒதுக்கிவிட்டு, களத்தில் சோதித்துப் பார்த்த ஐந்து வழிகளை எடுத்துக்கொள்வோம். எதையும் ஒரே கேள்வியால் எடை போடலாம்: கை சுவிட்சை நோக்கிப் போகும் அந்த நொடிக்கு இந்த வழி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

பக்கத்து வீட்டு ஒப்பீடு

அதிகம் சோதிக்கப்பட்டது இதுதான். வீட்டுக்கு வரும் தாளில் மூன்று பட்டைகள் இருக்கும். ஒன்று உங்கள் பயன்பாடு, இன்னொன்று உங்களைப் போன்ற வீடுகளின் சராசரி, மூன்றாவது அவற்றில் சிக்கனமானவர்களின் அளவு. அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம் இப்படி அனுப்பிய அறிக்கைகளைச் சுமார் 6 லட்சம் வீடுகளில் அலசியபோது சராசரிச் சேமிப்பு 2 சதவீதம். முன்பே மிக அதிகம் செலவழித்துக்கொண்டிருந்த பத்தில் ஒரு பங்கு வீடுகள் 6.3 சதவீதம் குறைத்தன. மிகக் குறைவாகச் செலவழித்தவர்களிடம் கிடைத்தது 0.3 சதவீதம்தான்.

2 சதவீதம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒரு தாளும் தபால் செலவும் மட்டுமே முதலீடு, யாரும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இந்த வழி பிசகும் இடம் எதுவென்று கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் 290 வீடுகளில் நடந்து 2007-ல் வெளியான சோதனை காட்டியது. சராசரியை மட்டும் எழுதிக் கதவில் மாட்டியபோது, அதிகம் செலவழித்தவர்கள் நாளுக்கு 1.22 யூனிட் குறைத்தார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ 0.89 யூனிட் கூட்டிவிட்டார்கள். ஊரே இவ்வளவு செலவழிக்கிறது, நாம்தான் கஞ்சத்தனம் செய்கிறோம் போலிருக்கிறது என்று சராசரி அவர்களை மேலே இழுத்தது. அதே தாளில் கையால் ஒரு சிரித்த முகம் வரைந்தபோது இந்த ஏற்றம் நின்றது. எண் "மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்" என்று மட்டும்தான் சொல்கிறது. "நீங்கள் செய்வது நல்லது" என்பதைச் சொல்வது அந்தச் சிரித்த முகம். ஒன்றில்லாமல் மற்றொன்றை அனுப்பவே கூடாது.

இதைச் சரியாகச் செய்யச் சில விவரங்கள். ஒப்பிடும் வீடுகள் உண்மையிலேயே ஒத்தவையாக இருக்க வேண்டும். பரப்பளவு, ஆட்களின் எண்ணிக்கை, ஏசி உண்டா இல்லையா என்ற மூன்றும் பொருந்தாவிட்டால், "எங்கள் வீட்டில் ஆறு பேர், அவர்கள் வீட்டில் இரண்டு பேர்" என்ற ஒரே வாக்கியத்தில் தாள் குப்பைக்குப் போகும். பில் காலம் 28 நாளாகவும் 33 நாளாகவும் மாறினால் மொத்த யூனிட்டை ஒப்பிடாதீர்கள், நாள் எண்ணிக்கையால் வகுத்து ஒரு நாள் சராசரியைப் போடுங்கள். பெயரையும் கதவு எண்ணையும் எந்த நிலையிலும் வெளியிட வேண்டாம். இந்த முறைக்கு அவமானம் தேவையே இல்லை.

விசித்திரம் என்னவென்றால், தங்கள் மீது இது வேலை செய்வதை மக்கள் ஒப்புக்கொள்வதில்லை. 2008-ல் வெளியான ஆய்வில் 810 பேரிடம் ஏன் சேமிக்கிறீர்கள் என்று கேட்டபோது, சுற்றுச்சூழல், சமூக நலன், பணம் எல்லாம் சொல்லி, அக்கம்பக்கத்தாரைக் கடைசியில் வைத்தார்கள். ஆனால் அவர்கள் சேமிப்போடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது அந்தக் கடைசிக் காரணம்தான். எனவே எந்த வழி வேண்டும் என்று கருத்துக்கணிப்பு நடத்தித் தேர்ந்தெடுத்தால் தப்பான விடைதான் வரும்.

கண்ணெதிரே காட்டும் மீட்டர்

தாள் மாதம் ஒருமுறை வருகிறது. சுவிட்சைப் போடுவதோ தினம் ஐம்பது முறை. இந்த இடைவெளியை அடைப்பது உடனடித் தகவல்.

சூரிச்சில் சுமார் 700 வீடுகளில் ஷவர் குழாயில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். பேட்டரி கிடையாது, ஓடும் தண்ணீரின் விசையிலேயே இயங்கும். குளிக்கக் குளிக்க எத்தனை லிட்டர், எவ்வளவு ஆற்றல் என்று எண் ஏறிக்கொண்டே போகும், கூடவே ஒரு பனிக்கட்டி மேல் நிற்கும் பனிக்கரடி. தண்ணீர் ஓட ஓட அந்தக் கட்டி கரைந்து சுருங்கும். குளியலுக்கான ஆற்றல் 22 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதமும் பலன் மங்கவில்லை. இவர்கள் தாமாக முன்வந்தவர்கள், அதனால்தான் குறைந்தது என்று சந்தேகம் வரலாம். அதே கருவியை ஆறு ஹோட்டல்களில் வைத்தார்கள். பில் கட்ட வேண்டாத, ஆய்வைப் பற்றித் தெரியாத விருந்தினர்களிடமும் 11.4 சதவீதம் குறைந்தது.

வீட்டு மொத்தப் பயன்பாட்டைக் காட்டும் பொதுத் திரைக்கு இந்த வலு இல்லை. "இப்போது 2.4 கிலோவாட்" என்று அது காட்டும். ஃபிரிட்ஜா, இஸ்திரிப் பெட்டியா, ஏசியா எது இழுக்கிறது என்று தெரியாது. முதல் வாரம் எல்லோரும் சுற்றி நின்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள், பிறகு அது சுவரோடு சுவராகிவிடும். திரை வாங்கினால் அந்த முதல் வாரத்தை வீணாக்காதீர்கள். எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாகப் போட்டு, வாட் எண்ணைச் சீட்டில் எழுதி அந்தந்தச் சுவிட்சுக்கு மேலேயே ஒட்டுங்கள். திரை மறந்துபோனாலும் சீட்டு நிற்கும்.

இலக்கும் வாக்குறுதியும்

1978-ல் வெளியான ஒரு சோதனையில் கோடைக்காலத்தில் சில வீடுகளுக்கு 20 சதவீத இலக்கும் சில வீடுகளுக்கு 2 சதவீத இலக்கும் கொடுத்தார்கள். 20 சதவீத இலக்கோடு, எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் வாரம் மூன்று முறை பெற்றவர்கள் 13 முதல் 15 சதவீதம் குறைத்தார்கள். 2 சதவீதக் குழுவில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் எளிய இலக்கு வழக்கத்தை மாற்றச் சொல்வதே இல்லை. கடினமான இலக்கு மட்டும் கொடுத்துக் கணக்கு காட்டாதபோதும் பலன் சரிந்தது. இலக்கையும் கணக்கையும் பிரிக்காதீர்கள்.

பொதுவான உறுதிமொழியைவிட "எப்போது, எதை" என்ற திட்டம் பலமானது. "இனி சிக்கனமாக இருப்பேன்" என்பதை எழுதி வைத்துப் பயனில்லை. "இரவு பல் தேய்த்து முடித்ததும் டிவிப் பக்கத்து மெயின் சுவிட்சை அணைப்பேன்" என்று எழுதினால் ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு புதியது ஒட்டிக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸை இரவு 8 மணி நேரம் அணைத்தால் மாதம் 2.4 யூனிட் மிச்சம். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு திட்டம் போதும். ஐந்து எழுதினால் ஐந்துமே விட்டுப்போகும்.

காசு, கடமை, உடல்நலம்

"பணம் மிச்சமாகும்" என்பதுதான் எல்லோரும் நம்பும் வாதம். லாஸ் ஏஞ்சல்ஸில் 118 வீடுகளில் 2015-ல் வெளியான சோதனை அதை அசைத்தது. ஒரு குழுவுக்கு மிச்சமாகும் பணத்தைச் சொன்னார்கள். இன்னொன்றுக்கு, மின் உற்பத்தியால் காற்றில் கலக்கும் மாசு எவ்வளவு, அது குழந்தைகளின் ஆஸ்துமா போன்ற நோய்களோடு எப்படித் தொடர்புள்ளது என்று சொன்னார்கள். உடல்நலக் குழு 8 சதவீதம் குறைத்தது, குழந்தைகள் உள்ள வீடுகளில் 19 சதவீதம். பணக் குழுவில் நிலைத்த சேமிப்பு இல்லை. தொகையை எழுத்தில் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்றிவிடுகிறது. தொகை சின்னதாக இருந்தால் அதைச் சொல்லாமல் விடுவதே மேல்.

ஆனால் விலை உண்மையிலேயே ஏறினால் கதை வேறு. ஜப்பானின் கியோட்டோ மாகாணத்தில் 2012 கோடையில் 691 வீடுகளில் உச்ச நேரத்துக்கு மட்டும் இரண்டு வழிகளை மோதவிட்டார்கள். "தயவுசெய்து குறையுங்கள்" என்ற வேண்டுகோள் தொடக்கத்தில் 8 சதவீதம் குறைத்தது, திரும்பத் திரும்பக் கேட்கவும் சீக்கிரமே தேய்ந்துபோனது. கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்திய வழி 14 முதல் 17 சதவீதம் குறைத்தது, நிலைத்தும் நின்றது. வேண்டுகோளை ஆண்டுக்கு ஒருசில நெருக்கடி நாட்களுக்கென்று சேமித்து வையுங்கள். விலையையும் நேரடித் திரையையும் சேர்த்தால் இன்னும் கூடும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் விலை அறிவிப்பு மட்டும் பெற்ற வீடுகள் 0 முதல் 7 சதவீதமும், திரையும் பெற்றவை 8 முதல் 22 சதவீதமும் குறைத்தன.

முன்னமைவு

சாதனம் தொடங்கும்போதே அதில் இருக்கும் அமைப்புதான் முன்னமைவு. யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டாத ஒரே வழி இது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி வர வேண்டும் என்ற விதி இதற்கு உதாரணம். வேண்டுமென்றால் மாற்றலாம், பலர் மாற்றுவதில்லை. எல்லையும் உண்டு. பாரிஸில் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் அலுவலகங்களில் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கருவியின் முன்னமைவை 1 டிகிரி குறைத்தபோது ஊழியர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2 டிகிரி குறைத்ததும் கையால் மாற்றத் தொடங்கினார்கள். உடல் உணராத அளவுக்குள் நகர்த்துங்கள். வீட்டில் செய்ய வேண்டியதும் இதுவே: ஏசியில் தூக்க டைமர், வாஷிங் மெஷினில் குளிர்நீர், ஹீட்டரில் குறைந்த வெப்பம் என்று ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடுவது.

எதை எடுப்பது, எப்படி அளப்பது

ஒரே வீடு என்றால் முன்னமைவு முதலில், அடுத்து ஹீட்டர் அல்லது ஏசி பக்கத்தில் நேரடித் தகவல், மூன்றாவதாக ஒரே ஒரு பல் தேய்க்கும் திட்டம். பக்கத்து வீட்டு ஒப்பீடு தனி வீட்டுக்கான கருவி அல்ல. ஆயிரக்கணக்கான வீடுகளைக் கையாளும் நிறுவனம் அதையே முதலில் எடுக்கட்டும், இரண்டு ஆண்டாவது நிறுத்தாமல் அனுப்பட்டும். தாள் வந்த சில நாட்கள் பயன்பாடு இறங்கி மறுபடி ஏறும். இரண்டு ஆண்டு தொடர்ந்து பெற்ற வீடுகளில் அனுப்புவதை நிறுத்தினாலும் பலன் ஆண்டுக்கு 10 முதல் 20 சதவீதம் என்ற மெதுவான வேகத்தில்தான் தேய்கிறது.

ஒன்றில் குறைத்தவர்கள் வேறொன்றில் கூட்டுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். பாஸ்டன் பகுதியில் 154 வீடுகளில் தண்ணீர்ச் சிக்கன அறிக்கை கொடுத்தபோது தண்ணீர் 6 சதவீதம் குறைந்தது, மின்சாரம் 5.6 சதவீதம் கூடியது.

அளப்பதில் இன்னொரு சிக்கல், கவனிக்கப்படுகிறோம் என்பதே ஆளை மாற்றிவிடும். "உங்கள் மின் பயன்பாட்டை ஆராய்கிறோம்" என்று ஐந்து தபால் அட்டை மட்டும் அனுப்பிய சோதனையில், எந்த அறிவுரையும் இல்லாமலே 2.7 சதவீதம் குறைந்தது, அட்டை நின்றதும் பழையபடி ஆனது. அதனால் வீடுகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் தாள் அனுப்பி, ஒரு பக்கத்துத் தாளில் மட்டும் ஒப்பீட்டைச் சேருங்கள். ஒரு வீட்டின் பயன்பாடு தானாகவே 15 சதவீதம் ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டால், 2 சதவீத வித்தியாசத்தை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 900 வீடு தேவை. 60 வீட்டுக் குடியிருப்பில் அந்த 2 சதவீதத்தைத் தேடாதீர்கள். அங்கே ஹீட்டரின் டைமரைப் போய் மாற்றுங்கள்.