பனிமலைக்கு எந்த மாதம், எந்த மலை: வன்னியிலிருந்து சுவிஸ் போகும் அம்மா அப்பாக்களுக்காக ஓர் ஒப்பீடு

சுவிஸில் பிள்ளைகள் இருக்கும் வன்னிக் குடும்பங்களில் அம்மா அப்பாவுக்கு விசா கிடைத்ததும் முதலில் எழும் கேள்வி, "பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்பதுதான். எந்த மாதம், எந்த மலை என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு நத்தார் லீவும் ஜூலைப் பள்ளி விடுமுறையும் வசதி. அதனால் பெற்றோரும் டிசம்பரிலோ ஜூலையிலோ போய் இறங்குகிறார்கள். இரண்டுமே இரண்டாந்தரத் தெரிவு என்பது என் முடிவு. மலைக்கும் போகம், அதாவது அதற்கென்று ஒரு பருவம், உண்டு. எங்கள் வயலின் போகத்தையும் அந்த மலையின் போகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு இரண்டு மாதங்கள்தான் தெரியும்: மார்ச், செப்டெம்பர்.

பரந்தனிலிருந்து அம்மா அப்பாவோடு நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் டிசம்பர். இரண்டாம் தரம் ஆகஸ்ட் கடைசியில் போய் செப்டெம்பர் முழுக்க நின்றோம். அத்தான், அக்காவின் கணவர், ஏங்கல்பேர்க் என்ற மலைக் கிராமத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் பல வருடம் வேலை செய்தவர். குளிர்காலச் சீசன் தொடங்கி முடியும் வரைக்கும் அந்தக் கிராமத்திலேயே இருந்தவர். மார்ச் பற்றி நான் சொல்லப்போவது அவர் சொன்னது.

டிசம்பரில் சூரிச், லுட்சேர்ன் மாதிரியான தாழ்ந்த இடங்கள் நாட்கணக்கில் புகாருக்குள் (மூடுபனிக்குள்) கிடக்கும். காலை எட்டு மணியளவில்தான் வெயில் எழும். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே இருண்டுவிடும். நத்தாருக்கும் வருடப்பிறப்புக்கும் இடைப்பட்ட வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் நிற்கும், கேபிள் காருக்கு வரிசையும் நீளம். நாங்கள் ஏங்கல்பேர்க்கில் இருந்து டிட்லிஸ் மலைக்கு ஏறிய நாள் மலை முழுக்க மேகம். கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர் ஒன்றுதான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இரணைமடுக் குளக்கட்டில மார்கழி விடியப்புறம் நிண்ட மாதிரிக் கிடக்கு" என்றா. மேலே பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ரிக்கெற் காசு போனது போனதுதான்.

அதற்குப் பிறகு அத்தான் ஒன்று காட்டித் தந்தார். பெரிய மலைகள் எல்லாவற்றிலும் நேரடிக் கமரா இருக்கிறது. காலையில் எழும்பியதும் கைபேசியில் உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் ரிக்கெற் எடுக்கவேண்டும். வீட்டு யன்னலைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. ஏனென்றால் குளிர்காலத்தில் கீழே புகார் மூடிக் கிடக்கும் அதே நாளில் மேலே பளிச்சென்று வெயில் அடிப்பது அடிக்கடி நடப்பது. மேலிருந்து பார்த்தால் புகார் கடல் மாதிரி விரிந்து கிடக்க, மலைகள் தீவுகள் மாதிரித் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

மார்ச் அப்படியில்லை. உயர்ந்த மலைகளில் பனி ஆக ஆழமாகக் குவிந்திருப்பது டிசம்பரில் என்றுதான் இங்கே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் குளிர்காலம் முழுக்க விழுந்து சேர்ந்த பனி மார்ச், ஏப்ரலில்தான் உச்சத்துக்கு வரும். பகலும் இரவும் சமமாகியிருக்கும், வெயிலில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டமும் குறைந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த நேரம் காலபோக (மழைக்கால) நெல் அறுத்து, காயவைத்து, விற்றும் முடிந்திருக்கும். அப்பாவுக்கு மனம் வயலில் நிற்காது. பேரப்பிள்ளைகள் பனிச்சறுக்கு விடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மார்ச்சை விட நல்ல மாதம் கிடையாது.

ஜூலையில் பனியைத் தேடி மேலேதான் போகவேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வருவதும் வழக்கம் என்பதால் காலையிலேயே ஏறி இறங்கிவிடவேண்டும். அதைவிட, இங்கே சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலம் அது. கமக்காரனை அந்த நேரத்தில் கூப்பிடுவது அவருக்குச் செய்யும் வதை. மே மாதத்தையும் நவம்பரையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் சறுக்கலும் இல்லை, நடைபாதையும் திறந்திராது, பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிற்கும். மே என்றால் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலும் வரப் பார்க்கும். எங்கள் வீட்டில் அம்மாவை அந்த நேரம் அசைக்கமுடியாது.

செப்டெம்பர்தான் என் மனதுக்குப் பிடித்தது. சிறுபோகம் அறுத்து முடித்து, காலபோகத்துக்கு மழை பார்த்திருக்கும் இடைவெளி. அங்கே காற்று தெளிந்து, தூரத்து மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். அடிவாரம் பச்சை, 3,000 மீற்றருக்கு மேலே வெள்ளை. இரண்டையும் ஒரே நாளில் காணலாம்.

சரி, மாதம் முடிந்தது. மலைகளுக்கு வருவோம். எங்கள் ஆட்கள் போவது பெரும்பாலும் மூன்று: ஏங்கல்பேர்க்கில் இருந்து ஏறும் டிட்லிஸ், கிரிண்டல்வால்ட் பக்கத்து யுங்பிராவ்யோக், வலே மாநிலத்துச் செர்மாட்.

பேருக்காகப் போனால் யுங்பிராவ்யோக்தான். 3,454 மீற்றரில் இருக்கும் ஐரோப்பாவின் ஆக உயர்ந்த ரயில் நிலையம். 1896இல் வெட்டத் தொடங்கி, ஐகர், மோங்க் என்ற இரண்டு மலைகளின் வயிற்றுக்குள் ஏழு கிலோமீற்றருக்கு மேல் சுரங்கம் தோண்டி, 1912 ஆகஸ்ட் 1ஆம் திகதி திறந்தார்கள். மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிக நீண்ட பனியாறான அலெட்ச் கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் வளைந்து போகும். அந்தக் காட்சிக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆக விலை கூடியதும் அதுதான். இண்டர்லாக்கனில் இருந்து முழுக் கட்டணம் போய்வர 200 பிராங்குக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கடல் மட்டத்தோடு ஒட்டிய எங்கள் ஊரில் இருந்து போன அறுபது, எழுபது வயதுக்காரருக்குப் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை சுற்றும். பிரசர், இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஏறவேண்டாம். 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கிரிண்டல்வால்டிலிருந்து பாதி மலையை 15 நிமிடத்தில் ஏற்றிவிடுகிறது. நேரம் மிச்சம்தான், ஆனால் உடம்பு பழகுவதற்கும் அவகாசம் குறைவு.

செர்மாட் கார் ஓடாத ஊர். 4,478 மீற்றர் மாட்டர்கோர்ன் அதன் தலைக்கு மேலே கூர்ச்சிகரமாக நிற்கும். கோடையிலும் அங்கே பனியாற்றின் மேல் சறுக்கு விடலாம். கேபிள் கார் என்றால் நெஞ்சு பதறுகிறவர்களுக்கு அந்த ஊர் ஒரு வரம். 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில், தரையைப் பிடித்தபடியே 3,089 மீற்றர் வரைக்கும் ஏறிவிடும். ஏறும்போது வலப்பக்க யன்னலில் இருங்கள், மாட்டர்கோர்ன் அந்தப் பக்கம். குறை தூரம். சூரிச்சில் இருந்து போக மட்டும் மூன்றரை மணித்தியாலம் அளவில் பிடிக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் அம்மா அப்பா ரயிலில் நித்திரை கொண்ட நினைவுதான் மிஞ்சும். தங்கினால் காசு.

என் வாக்கு ஏங்கல்பேர்க்குக்கு. லுட்சேர்னில் இருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். 1120இல் தொடங்கிய பெனடிக்ற் சபை மடம் ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர், ஆயிரம் மீற்றர் உயரம். அங்கிருந்து டிட்லிஸின் 3,020 மீற்றர் நிலையம் வரைக்கும் கேபிள் காரிலேயே போகலாம். கடைசித் துண்டு சுழன்றுகொண்டே ஏறும் வண்டி. 1992இல் வந்தது, உலகில் முதல் அப்படியானது. நின்ற இடத்திலேயே நான்கு பக்கமும் கண்ணுக்கு முன் வந்து போகும் என்பதால் வயது போனவர்கள் இடம் மாறி இடித்துக்கொள்ளத் தேவையில்லை. பயமில்லாதவர்களுக்கு மேலே ஒரு தொங்குபாலமும் இருக்கிறது, ஒரு மீற்றர் அகலம்.

ஆனால் நான் ஏங்கல்பேர்க்கைச் சொல்வதற்குப் பெரிய காரணம் நடுவழியில் இருக்கும் ட்ரூப்சே ஏரி. சுமார் 1,800 மீற்றர், கிட்டத்தட்ட நுவரெலியா உயரம். அங்கே இறங்கி ஒரு மணித்தியாலம் ஏரிக்கரையில் மெல்ல நடந்துவிட்டு மேலே போனால் உடம்பு பழகும். ஏலாவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம், அதுவே ஒரு முழுப் பயணம். குளிர்காலத்தில் அந்த ஏரியே பனிக்குள் மூடிப்போய்ப் பிள்ளைகள் சறுக்குவண்டி விடும் வெளியாகிவிடும். செப்டெம்பரில் தண்ணீர் நீலமாய்க் கிடக்க, மலை தலைகீழாய் அதற்குள் தெரிந்தது. அம்மா பிளாஸ்க்கைத் திறந்து, கட்டிக்கொண்டு வந்த புட்டைப் பிரித்து, வாங்கில் இருந்து சாப்பிட்டா. டிசம்பரில் உச்சியில் கண்ட ஏமாற்றம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

அப்பாவைப் பிடித்தது வேறு. அந்தப் பள்ளத்தாக்கின் இரு பக்கத்திலும் விவசாயிகள் தங்கள் மேய்ச்சல் நிலங்களுக்குக் கட்டிய குட்டித் தொங்குபெட்டிகள் இருக்கின்றன. சில பேர் மட்டும் ஏறக்கூடிய சின்னப் பெட்டி, கம்பியில் ஆடி ஆடி மேலே போகும். பாலும் புல்லும் இறக்குவதற்கு வந்தவை, இப்போது எங்களையும் ஏற்றுகின்றன. கோடை முழுக்க மாடுகள் மேலே மேயும், புல்லை அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். செப்டெம்பரில் குளிர் தட்டத் தொடங்கியதும் கொம்பில் பூக்கட்டி, கழுத்தில் பெரிய மணி தொங்கவிட்டு மாடுகளைக் கீழே இறக்குவார்கள். ஊரே றோட்டோரம் நின்று பார்க்கும். பட்டி கட்டி மாடு வளர்த்த மனிசன் அவர். ஒவ்வொரு மாடாக எண்ணினார், மடி பார்த்தார், ஒரு மாடு பின்னங்கால் நொண்டுகிறது என்று அக்காவிடம் சொன்னார். கிழமை முழுக்க அதையே கதைத்தார்.

டிட்லிஸ் பனியாற்றின் சில பகுதிகளைக் கோடையில் வெள்ளைத் துணி விரித்து மூடுகிறார்கள், வெயிலில் உருகாமல் இருக்க. 2022, 2023 ஆகிய இரண்டே வருடத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்து வீதத்தை இழந்துவிட்டன. அப்பாவுக்கு அத்தான் விளங்கப்படுத்தியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இது இவையின்ர குளம்தானே? குளம் வத்தினா கீழ என்ன செய்வினம்?" இரணைமடுவின் கீழே வயல் வைத்திருக்கும் ஒருவருக்கு அதை விடச் சுருக்கமாக யாரும் சொல்லத் தேவையில்லை.

நுவரெலியா இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர், செர்மாட்டையும் ஏங்கல்பேர்க்கையும் விட உயரமான ஊர். ஆனால் அது நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட, வடக்கே 7 பாகையில் இருக்கிறது. சுவிஸ் 46, 47 பாகையில். அதனால்தான் 2,524 மீற்றர் பீதுருதாலகாலவின் உச்சியிலும் பனி படுவதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். குளிரும் தேயிலையும் போதும் என்றால் ஏ9 வீதியில் கண்டி வரைக்கும் போய் மேலே ஏறுங்கள், ஆண்டு முழுவதும் நல்லது, விசாவும் தேவையில்லை. பேரப்பிள்ளை சறுக்குவதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் அது அங்கே கிடைக்காது.

காசு விசயத்தில் ஒன்று. வெளிநாட்டுக்காரருக்கு ஒரு மாத அரைக்கட்டண அட்டை இருக்கிறது. ரயிலுக்கும் இந்த மூன்று மலைக்கும் பாதி விலை. இரண்டு மலை ஏறுகிறவர்களுக்கு அது அநேகமாகக் காசைத் திருப்பித் தந்துவிடும். குளிர் உடுப்பைக் கொழும்பில் வாங்கிக் கொண்டுபோகவேண்டாம், பிள்ளைகளின் வீட்டு அலுமாரியில் எல்லாம் தொங்கும். சப்பாத்து மட்டும் காலுக்கு அளவானதாக, அடி வழுக்காததாக இருக்கவேண்டும். சேலைக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை போட அம்மாமார் கூச்சப்படக்கூடாது. கண்ணில் வெள்ளை வெட்டியவர்களுக்கு (கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு)க் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். மார்ச் வெயில் பனியில் பட்டுத் தெறிப்பது தகரக் கூரையை மத்தியானம் பார்ப்பதை விடக் கூச்சம்.

விசா விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து போடலாம். 30,000 யூரோ பெறுமதியான பயணக் காப்புறுதி கேட்பார்கள். மார்ச் பயணம் என்றால் காலபோக நெல் விதைத்து, களை பிடுங்கும் நாட்களிலேயே கடதாசிகளைத் திரட்டத் தொடங்கிவிடுங்கள். அறுவடை தொடங்கிய பிறகு கொழும்புக்கு ஓட ஒருவருக்கும் நேரம் இராது. நாங்கள் இம்முறை அப்படித்தான் செய்கிறோம். அம்மா ட்ரூப்சேயை வெள்ளையாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டா.