நுவரெலியாவில் மாத வாடகைக்கு மாறுகிறீர்களா? ஏப்ரலைக் கணக்கில் வையுங்கள்

நுவரெலியா நகரிலோ அதை அண்டியோ வாடகைக்கு இருந்துகொண்டு சொந்த வீடு கட்டுபவர்களும், காணி வாங்க அலைபவர்களும் வாடகைப் பத்திரத்தை எடுத்து அது எந்த மாதத்தில் முடிகிறது என்று ஒரு தடவை பாருங்கள். நவம்பர், டிசம்பரில் முடிகிறதா? "இனிப் பத்திரம் எதற்கு, மாதாமாதம் பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு சொல்கிறாரா? அப்படியானால் அவர் மனதில் மார்ச் 31 என்ற திகதி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் குறித்து வைத்திருந்தார்.

அவருடைய பெயரையும் தெருவையும் எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியன். அம்மா, மனைவி, கைக்குழந்தை என்று நான்கு பேர். நானுஓயாப் பக்கம் சிறு காணித்துண்டு ஒன்றை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தோம். மலைநாட்டில் வீடு கட்டுவதென்றால் கல்லும் சீமெந்தும் மட்டும் போதாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கை இல்லாமல் வரைபடத்துக்கு அனுமதி கிடைக்காது. அவர்கள் வந்து பார்த்து, பின்பக்க மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டவும் மழைநீர் ஓட வடிகால் போடவும் சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் மண்ணுக்கடியில் போனதை அறிந்த எவரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கூரைக்கு வைத்திருந்த பணம் அந்தச் சுவருக்குள் போய்விட்டது. வங்கியோ வேலை ஒரு கட்டம் முடிந்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்கான கடனை விடுவிக்கும். மழை விட்டால்தான் மேசன் பாஸ் வருவார். இப்படி வாடகைப் பத்திரம் முடியும்போது எங்கள் வீடு சுவரோடு நின்றது.

இருந்த வீட்டுக்கு நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு வருடப் பத்திரம் எழுதியிருந்தோம். வாடகை 35,000 ரூபா. முற்பணம் ஆறு மாதத்துக்கு, அதாவது 210,000 ரூபா. பத்திரம் நவம்பர் முடிவில் காலாவதியானது. ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"நமக்குள் எதற்கு மாஸ்டர் பத்திரமும் முத்திரையும்? உங்கள் வீடு எப்போது முடிகிறதோ அப்போது போங்கள். ஒரு ஐயாயிரம் கூட்டிக் கொடுத்தால் போதும்," என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாளை எது நடக்கும் என்று தெரியாமல் கட்டுகிறவனுக்கு ஆறு மாதக் கட்டுப்பாட்டை விட மாத வாடகை வசதி. டிசம்பரிலிருந்து 40,000 கொடுத்தோம். பணம் முழுவதையும் வங்கி வழியாகவே அனுப்பினேன். அவர் கையில் காசாகக் கேட்டார். தன் கொப்பியில் எழுதி வைப்பதாகவும் சொன்னார். நான் கேட்கவில்லை. பிறகு எனக்குக் கைகொடுத்தது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்.

பெப்ரவரியில் ஒரு மாலை, பிளாஸ்டிக் உறை கழற்றாத புது மெத்தைகள் ஒரு சிறு லொறியில் வந்து அவருடைய வாகனக் கொட்டகைக்குள் இறங்கின. சுவரோடு சாத்தி அடுக்கினார்கள். அடுத்த கிழமை அதே கொட்டகையில் ஒரு பலகை, வெள்ளைப் பூச்சு காயாமல், சிவப்பு எழுத்தில்: "அறைகள் உண்டு. வெந்நீர் வசதி." அவருக்கு மேல்மாடியில் காலி அறைகள் இருந்ததால் அவற்றுக்குத்தான் என்று அம்மா சொன்னார். குளிருக்குச் சாக்கு விரித்த கொட்டகையில் கிடந்த மெத்தைகளை எண்ணிப் பார்த்த மனைவி, மேல்மாடியில் அத்தனைக்கு இடமில்லை என்றாள்.

மார்ச் 10ஆம் திகதி வட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "மாஸ்டர், மகளின் குடும்பம் வருகிறது. 31க்குள் வீட்டைத் தாருங்கள்."

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு ஏப்ரலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வசந்தகால சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கொழும்பிலிருந்து வரும் வாகன வரிசை. ஒரு வாரத்துக்கு நான் கொடுக்கும் வாடகையை ஒரு நாளில் வாங்கலாம் என்றால், எந்த வீட்டுக்காரருக்கும் மகளின் குடும்பம் ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் சொன்னதில் பலருக்கும் பயன்படுவதை எழுதுகிறேன்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு அது தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும். ஆகவே கடையில் வாங்கிய தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்துக்கொண்டு "ஒரு வருட ஒப்பந்தம்" என்று பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் மாத வாடகையாளர்கள்தான். அந்த ஒரு வருடத்தை நம்பிக் கட்டட வேலைக்குக் கணக்குப் போட வேண்டாம்.

மாத வாடகை என்றால் நினைத்த நாளில் வெளியேற்றலாம் என்று பொருளில்லை. ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அது மாத முடிவோடு பொருந்த வேண்டும். மார்ச் 10இல் கிடைத்த அறிவித்தல் ஏப்ரல் 30க்குத்தான் செல்லும். வீட்டுக்காரருக்கு வேண்டிய மாதம் அந்த ஏப்ரல்தான். அதனால்தான் அவர் சட்டத்தின் பக்கமே போகவில்லை.

வேறு பக்கம் போனார். எங்களுக்குத் தண்ணீர் மேட்டிலுள்ள ஊற்றுத் தாங்கியிலிருந்து வருகிறது. அதன் வால்வு அவருடைய குசினிக்குப் பின்னால். ஏப்ரல் முதலாம் திகதி காலையில் குழாய் காற்றை மட்டும் விட்டது. "குழாய் திருத்த வேலை," என்றார். அவருடைய வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் முற்றம் வரை கேட்டது. மின்சாரமும் அவர் பெயரில்தான். மாலையில் அதுவும் போனது.

பொலிஸுக்குப் போனேன். "இது சிவில் பிரச்சினை," என்று முதலில் கையை விரித்தார்கள். முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தைத் தாருங்கள் என்று விடாமல் கேட்டதும் பதிந்தார்கள். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணி, வீடு தொடர்பான தகராறில் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸ் அதை நீதிவானிடம் அறிக்கையிட வேண்டும். பொலிஸ் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவரே மனுப் போடலாம். மனுவுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரை மறுபடி உள்ளே விட நீதிமன்றம் உத்தரவிட முடியும். இரண்டு மாதம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர் என்று பேசிப் பார்த்தே அந்தக் காலத்தைக் கடத்திவிடுபவர்கள் அதிகம். குத்தகைக்குக் கொடுத்த வளவை மீளப் பெறுவதற்காக 2023இல் கொண்டுவரப்பட்ட 1ஆம் இலக்கச் சட்டம்கூட வீட்டுக்காரரை மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்கிறது. வால்வைப் பூட்டச் சொல்லவில்லை.

இத்தனையும் தெரிந்தும் நாங்கள் புத்தாண்டுக்கு முன்பே வெளியேறினோம். பால்போத்தல் கழுவத் தண்ணீரில்லாத வீட்டில் உரிமையை நிலைநாட்டிக்கொண்டிருக்க முடியாது. யன்னல்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் பொலித்தீன் அடித்து, ஒரே ஓர் அறையில் கூரைத் தகடு போட்டு, கட்டி முடியாத எங்கள் வீட்டுக்கே போனோம். நுவரெலியா மாவட்டக் குளிரில் பொலித்தீன் யன்னல் இரவெல்லாம் படபடக்கும். அம்மாவின் இருமல் அப்போது பிடித்தது.

சாவியைக் கொடுக்கும்போது முற்பணத்தைக் கேட்டேன். அவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு அறை அறையாக வந்தார். அலுமாரி இருந்த இடத்தில் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். விரலால் தேய்த்துப் பார்த்து, "இதெல்லாம் நீங்கள் யன்னலைத் திறக்காததால் வந்தது," என்றார். அந்தச் சுவருக்கு மறுபுறம் நேரே மண்மேடு. மழை பெய்தால் உட்புறம் வியர்க்கும் சுவர் அது. நாங்கள் குடிவந்த வாரத்திலேயே அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன். படத்தைக் காட்டினேன். பேச்சை மாற்றினார். பூச்சு வேலை, துப்புரவு, ஏப்ரல் வாடகை, கதவுப் பிடி என்று ஒரு தாளில் எழுதி 65,000 ரூபாவை நீட்டினார். தண்ணீரை அடைத்த மாதத்துக்கும் வாடகை! வாங்கினேன், "ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித்தான் கையெழுத்திட்டேன். முழுவதும் தீர்ந்தது என்று எழுதித் தரச் சொன்னார், தரவில்லை.

வீட்டை ஒப்படைத்து இரு வாரத்தில் முற்பணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்று பழைய பத்திரத்தில் தெளிவாக இருந்தது. பத்திரமே முடிந்துவிட்டது, அதிலுள்ளதும் முடிந்துவிட்டது என்பது அவருடைய வாதம். பத்திரக் காலம் முடிந்த பிறகும் வாடகையை வாங்கி இருக்கவிட்டால் காலத்தைத் தவிர மற்ற நிபந்தனைகள் தொடரும் என்பது எங்கள் சட்டத்தரணியின் நிலைப்பாடு. இந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாமென்றால், மாத வாடகைக்கு மாறும் அன்றே ஒரு கடிதத்தில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: முற்பணம் இவ்வளவு அவரிடம் இருக்கிறது, பழைய நிபந்தனைகள் தொடரும், இரு தரப்பும் எழுத்தில் ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். நுவரெலியா என்றால் நான்காவதாக ஒரு வரி: மார்ச், ஏப்ரலில் வீட்டைக் கேட்பதில்லை. இந்த நான்காவது வரிக்குக் கையெழுத்திட மறுப்பவர் எதற்காக மறுக்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம், பதிலில்லை. மத்தியஸ்த சபைக்குப் போனோம். செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அங்கே அவர் மரியாதையாகப் பேசினார். 120,000 ரூபாவைத் தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் தவணை வந்தது. அடுத்ததற்குத் தொலைபேசியை எடுப்பதில்லை. வங்கிப் பதிவுகள், வட்ஸ்அப் செய்திகள், பூஞ்சணப் படம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றையும் கோப்பில் போட்டுச் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறேன். அதே வீட்டில் எங்களுக்கு முன் இருந்த குடும்பம் ஒன்று, தாங்களும் ஒரு மார்ச்சில்தான் வெளியேறினோம் என்று எழுதித் தரச் சம்மதித்திருக்கிறது.

சீசன் முடிந்த மறுவாரம் அந்த வீட்டுக்கு மறுபடி விளம்பரம் வந்திருந்தது. குடும்பத்துக்கு மட்டும், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் விரும்பத்தக்கது, முற்பணம் ஆறு மாதம், பத்திரம் அவசியமில்லை. படத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் புது அலுமாரி நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அதைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.