ஆறு ஆண்டு கொட்டகையில் கிடந்த அம்பாசடர், இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகு

அப்பாவின் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 குளச்சலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஆறு ஆண்டு அசையாமல் கிடந்தது. கடலுக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, நடுவில் உப்புக்காற்று. வண்டியை வெளியே எடுத்து இரண்டு ஆண்டு ஆகிறது, 7,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். இப்படிக் கிடந்த வண்டியை எடுக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எதையும் வாங்குவதற்கு முன் எர்த்தை, அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்புகளைப் பாருங்கள்.

எஞ்சின் பெரிய தொல்லை தரவில்லை. எடுத்தவுடன் செல்ஃப் அடிக்காமல் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி இரண்டு நாள் விட்டோம். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றியது. டேங்கிலிருந்த பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடித்தது, டேங்கையே இறக்கிக் கழுவினோம். ஃபியூல் பம்ப் டயாஃப்ரம் விறைத்துப் போயிருந்தது, புதிது போட்டோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். செல்ஃப் இழுவையாகவே சுற்றியது. பேட்டரிதான் போச்சு என்று புது பேட்டரி வாங்கிப் போட்டேன், அப்படியேதான். பெட்ரோல் மீட்டர் காலியிலேயே நின்றது, டெம்பரேச்சர் முள் குளிரை விட்டு நகரவில்லை. முள்ளை நம்பி நாகர்கோவிலுக்குக் கிளம்பி வில்லுக்குறி தாண்டும்போது பானெட்டிலிருந்து ஆவி! தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கியிருந்தது, மீட்டர் அதைச் சொல்லவே இல்லை.

தக்கலையில் ஒரு எலக்ட்ரீசியன் அண்ணன் என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். "மக்களே, நீயும் தொட்டுப் பாரு" என்றார். சுட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே செம்புக் கம்பியால் பின்னிய பட்டை ஒன்று எர்த்துக்காகப் போகும். அதை அவர் விரலால் வளைத்ததும் பச்சைத் தூள் உதிர்ந்தது, உள்ளே நாலைந்து இழைதான் மிச்சம். செல்ஃப் இழுக்கும் அவ்வளவு கரண்டும் திரும்பிப் போக வழியில்லாமல் மெலிந்த சோக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. டெம்பரேச்சர் சென்சாருக்கும் எஞ்சின் பிளாக்தான் எர்த். அந்த வழி கெட்டால் என் வண்டியில் முள் சூட்டைக் குறைத்தே காட்டும், இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புதுப் பட்டை போட்டு, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்ததும் செல்ஃப் சட்டென்று பிடித்தது, முள்ளும் ஏறியது.

பெட்ரோல் மீட்டர் மட்டும் எழும்பவில்லை. சாவியை அணைத்துவிட்டு, டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றிப் பாடியில் இறுக்கிக் கட்டி, பிறகு சாவியைப் போட்டோம். பெட்ரோல் பக்கத்தில் பொறி வரக்கூடாது, இந்த வரிசை முக்கியம். முள் நேராக ஃபுல்லுக்குப் போனது. அப்படியென்றால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, பழுது யூனிட்டில். அதன் எர்த் ஸ்குரூவைச் சுத்தம் செய்ததும் சரியானது. புது மீட்டருக்குச் சொல்லி வைத்திருந்த கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்பீடோமீட்டர் முள் ஆடியது. கேபிளுக்குக் கிரீஸ் வைத்ததோடு முடிந்தது.

இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய ரப்பருக்கு ஆகாது. ஓர் ஆண்டிலேயே ஒரு ஹோஸ் பிசுபிசுத்துவிட்டது, எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றினேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைப்பதில்லை, ஞாயிறுதோறும் திங்கள்நகர் வரையாவது ஓட்டிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா எர்த் முனைகளையும் கழற்றித் தேய்த்து வாஸ்லின் பூசுகிறேன். போன மாதம் பார்த்தபோது பட்டையின் ஒரு முனையில் லேசாகப் பச்சை மீண்டும் தெரிந்தது, ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடப் போகிறேன்.